கினுவின் மரம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மரங்கள் வாயாடிகளாக இருந்தன. நரியும் குருவியும் பேசியதில் பெரிய அதிசயம் இல்லை, அவற்றுக்கு வாய் இருக்கிறது. நின்ற இடத்தை விட்டு நகர முடியாத மரங்களுக்குப் பேச்சை விட்டால் வேறு என்ன பொழுதுபோக்கு? வழியில் போகிற காற்றை நிறுத்தி ஊர்க்கதை கேட்கும். கேட்டதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவற்றுக்குத் தலை வெடித்துவிடும்.

மரங்களிலேயே பெரிய வாயாடி காக்கி மரம். ஜப்பானின் வடக்கு மலைகளில் வீட்டு முற்றத்துக்கு ஒன்றாக நிற்கும். காக்கி என்றதும் போலீஸ்காரர் சட்டையை நினைக்க வேண்டாம். இது தக்காளி போல உருண்டு, செம்மஞ்சளாகப் பழுக்கிற ஒரு பழம். மலைக்காக்கியைப் பறித்த கையோடு கடித்தால் துவர்ப்பு நாக்கைச் சுருட்டிவிடும். தோல் சீவிக் கயிற்றில் கட்டிக் கூரை விளிம்பில் தொங்கவிட்டால், காயக் காய இனிக்கும். இல்லையென்றால் மரத்திலேயே விட்டுவிட்டு, உறைபனி பட்டு உள்ளே கூழாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பழுத்ததன் ருசிக்கு ஈடு கிடையாது என்பார்கள்.

குளிர்காலம் வந்தால் இலை உதிர்ந்துவிடும், பழமும் கூடைக்குப் போய்விடும். பிறகு மரம் எதை வைத்துப் பேசும்? அதனால் காக்கி மரங்கள் மனிதர்களிடம் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளுங்கள், உச்சிக் கிளையில் ஒரே ஒரு பழத்தை மட்டும் விட்டுவிடுங்கள், புது இலை துளிர்க்கும்வரை அதுதான் எங்களுக்கு வாய் என்று சொல்லியிருந்தன. மனிதர்கள் சரி என்றார்கள். பறவைகளும் சரி என்றன. அதை மீறலாம் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. அதுவரை யாருக்கும் அப்படி ஒரு பசி வந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த மலையில் இவாஸோ என்று ஒருவன் இருந்தான். மரத்தை வெட்டிச் சூளையில் அடுக்கிக் கரி சுடுவது அவன் தொழில். மனைவி பெயர் கினு. கல்யாணமான சில வருடங்களில் கினுவுக்கு அம்மை கண்டது. இறங்கிப் போகும்போது அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது.

இவாஸோ கெட்டவன் இல்லை. அவளுக்குத் தலை வாரி விடுவான், அடுப்பில் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வான், சூளையிலிருந்து வந்ததும் முதலில் அவள் சாப்பிட்டாளா என்றுதான் பார்ப்பான். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெளியே எப்படி இருக்கிறது என்று கினு கேட்டால் குளிருது என்பான். நேற்று எப்படி இருந்தது என்றால் நேற்றும் குளிர்தான் என்பான். புகை, சாம்பல், விறகு, மழை என்று நாலு சொல் இருந்தால் கரி சுடுகிறவனுக்குப் பிழைப்பு ஓடிவிடும். அதற்கு மேல் உலகத்தில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு கோடைக் காலையில் கினு முற்றத்துக் காக்கி மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மடியில் கிடந்த அவள் கைமேல் சூடாக ஏதோ நகர்ந்தது. பூச்சி என்று உதறினாள். அது போய்விட்டு மறுபடியும் வந்தது.

"பூச்சி இல்ல, வெயில்" என்றது மரம். "என் இலைக்கு நடுவுல சல்லடையில மாவு விழுற மாதிரி உன் கைமேல விழுது. காத்து என்னை அசைச்சா அதுவும் அசையும். அதுக்குக் கொமொரெபின்னு பேரு."

அப்படி ஒரு பெயரைத் தான் கேட்டதே இல்லையே என்றாள் கினு. இப்போதுதான் வைத்தேன், உனக்காக என்றது மரம்.

அன்றிலிருந்து மரம் அவளுக்குக் கண்ணாகிவிட்டது. அவள் கேட்பாள், அது சொல்லும். ஏற்கெனவே இருக்கிற சொல் போதாதபோது புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்கும். பள்ளத்தாக்கு முழுவதும் இருட்டிய பிறகும் கீழே ஆறு மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தை விடாமல் வைத்திருக்குமே, அது கவாகாரி. இலையுதிர் காலத்தின் கடைசியில் வறட்டுக் காற்று ஒன்று வந்தது. அதோ வருகிறான் கொகராஷி, என்னை மொட்டையடிக்காமல் போக மாட்டான் என்று நடுங்கிக்கொண்டே சொன்னது மரம். கினு சிரித்துவிட்டாள். கண் போனதற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பனிக்காலத்தில் உச்சிப் பழத்திலிருந்து குரல் வரும். கொஞ்சம் தேய்ந்த குரல்தான், ஆனாலும் கதவைத் திறந்தால் கேட்கும். ஒருநாள் அவள் கன்னத்தில் சில்லென்று பட்டதற்கு மழையா என்று கேட்டாள். மேகமே இல்லை, வானம் நீலமாக இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கத்துப் பனியைக் காற்று பூப்பூவாகக் கொண்டுவந்து போடுகிறது, இது கஸஹானா என்றது மரம். அவள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே தினை புடைத்தாள். தண்ணீருக்கு வந்த பெண்கள் கேட்டுவிட்டுப் போய்த் தங்கள் வீட்டில் சொன்னார்கள். இப்படித்தான் அந்தச் சொற்கள் ஊருக்குள் புழங்க ஆரம்பித்தன.

வெயிலை வெயில் என்று சொன்னால் போதாதா என்று இவாஸோ முணுமுணுப்பான். கினு ஒருநாள் அவனிடம் சொன்னாள். "கண்ணு இருந்தப்போ நான் இவ்வளவு பார்த்ததில்லைங்க." அந்த வார்த்தை அவன் மனதில் தங்கிவிட்டது.

பிறகு ஒரு வருடம் கோடையே வரவில்லை. ஆனி ஆடியிலும் மலையில் மூடுபனி விலகவில்லை. நெல் பால் பிடிக்காமல் நின்றது, தினை பாதியும் தேறவில்லை. காக்கி மரங்கள் ஏதோ கொஞ்சம் காய்த்தன. காயவைத்த பழங்கள் குளிர்காலம் பாதி கழிவதற்குள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் பனி கொட்ட ஆரம்பித்தது. ஊர் மரப்பட்டையை இடித்துக் கஞ்சியில் கலக்கும் நிலைக்கு வந்தது.

கினு காய்ச்சலில் விழுந்தாள். பட்டைக் கஞ்சி அவள் தொண்டையில் இறங்கவில்லை. இவாஸோ ஊட்டியதெல்லாம் வாயோரம் வழிந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. வாயெல்லாம் கசக்கிறது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தவன், அது எலும்பாகவே இருப்பதைக் கண்டு பயந்துபோனான்.

காலையில் வாசலுக்கு வந்து பனியைத் தள்ளிக்கொண்டு நின்றவனுக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றியது. உச்சிக் கிளையில் அந்தப் பழம் இருந்தது. உறைபனி பட்டுப் பட்டு உள்ளே வெளிச்சம் வைத்தது போலப் பழுத்திருந்தது. அதற்குக் கீழ்க் கிளையில் சாம்பல் நிறச் சின்னான் குருவி ஒன்று இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இவாஸோ மரத்தில் கை வைத்ததும் குருவி பேசியது. "எனக்கும் பசிதான். என் கூட்டத்துல பாதி செத்துப் போச்சு. எட்டிக் கொத்துற தூரத்துலதான் உட்கார்ந்திருக்கேன், ஆனாலும் தொடல."

அவன் காதில் வாங்காமல் ஏறினான். பாதி தூரம் ஏறியபோது மரம் கேட்டது.

"கினுவுக்கா?"

"ஆமா."

மரம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவ்வளவு நேரம் அது பேசாமல் இருந்ததே கிடையாது. பிறகு சொன்னது. "அவளுக்குன்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா நாளைக்கு அவ கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுவாளே. அப்போ நீ என்ன சொல்லுவே?"

இவாஸோ கையை நீட்டினான். மரம் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் காம்பு ஒடிந்துவிட்டது.

குருவி அலறியது. அந்த இனத்துக் குருவிக்கு அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை, அலறல்தான் வருகிறது.

காய்ந்த பழம் ஒன்றை ஒளித்துவைத்திருந்தேன் என்று கினுவிடம் சொல்லிக்கொண்டே இவாஸோ அதைப் பிட்டுப் பிட்டு அவள் வாயில் வைத்தான். முதல் துண்டை விழுங்கியதும் அவள் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு மறுபடியும் வாயைத் திறந்தாள். தோலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பழம்தான் பிழைக்க வைத்ததோ, பிழைக்க வேண்டியவள் பிழைத்தாளோ, மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது. எனக்கு இவாஸோவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் யார்தான் ஏறாமல் இருப்பார்கள்?

எழுந்து உட்கார முடிந்ததும் கினு முதல் வேலையாகக் கதவைத் திறக்கச் சொன்னாள். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று மரத்தைக் கேட்டாள். பனி கூரையிலிருந்து சரிந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறை கேட்டாள்.

"குளிருக்குத் தூங்குது போல" என்றான் இவாஸோ.

மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாள் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. அவனிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. வேலை செய்யும்போது வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சொற்களைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். மரப்பட்டை இடிக்கும் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. இவாஸோவுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. பேச்சே பிடிக்காதவன் அவன், இப்போது யாராவது ஏதாவது பேச மாட்டார்களா என்று ஏங்கினான்.

புத்தாண்டு பிறந்து முதல் முழுநிலவு நாள் வந்தது. அன்று ஊர் ஆண்கள் சிவப்புப் பயறு போட்ட கஞ்சியைச் சட்டியில் எடுத்துக்கொண்டு முற்றம் முற்றமாகப் போவார்கள். இந்த வருடம் காய்ப்பாயா என்று ஒவ்வொரு காக்கி மரத்தையும் மரியாதையாகக் கேட்பார்கள். மரம் உள்ளதைச் சொல்லும். வேரில் கஞ்சியை ஊற்றிவிட்டு அடுத்த முற்றத்துக்குப் போவார்கள். அந்த வருடக் கஞ்சியில் பயறைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, ஆனாலும் போனார்கள். பெண்களும் பின்னால் வந்தார்கள்.

முதலில் ஊர்த்தலைவர் கென்பெய்யின் வீடு. அவர் குனிந்து கேட்டார். மரம் பேசவில்லை. உச்சிக் கிளை வெறுமையாக இருந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்றார் கென்பெய். அடுத்த வீட்டு மரமும் பேசவில்லை. அங்கேயும் உச்சியில் ஒன்றும் இல்லை. குரங்கு தின்றிருக்கும் என்றான் அந்த வீட்டுக்காரன். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். காற்று, குரங்கு, பனியின் பாரம் என்று வீட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. தான் மட்டும்தான் ஏறினோம் என்று அதுவரை ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக இவாஸோவின் முற்றத்துக்கு வந்தார்கள். அங்கேயும் மரம் பேசவில்லை. கென்பெய் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். பேசாத மரம் காய்க்கும் என்று என்ன நிச்சயம், வீட்டில் குளிர் காய விறகில்லை, வெட்டிப் போட்டால் அதற்காவது ஆகும், இதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றார். எல்லாரும் கரி சுடுகிறவனைப் பார்த்தார்கள். அவனிடம்தான் நல்ல கோடரி இருந்தது.

இவாஸோ கைக்கோடரியை எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் வந்து நின்றான். அவனுக்கு விறகு வேண்டியிருக்கவில்லை. மரம் தன்னைத் திட்டினால்கூடப் போதும், ஒரு சொல் பேசிவிட்டால் போதும் என்று இருந்தது.

"காய்ப்பியா, காய்க்க மாட்டியா?" என்று கேட்டான். பதில் இல்லை. "சொல்லு. சொல்லலன்னா வெட்டிடுவேன்."

ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். பட்டை தெறித்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. மறுபடியும் ஓங்கினான்.

"காய்ப்பேன். காய்ப்பேன்."

மரத்திலிருந்துதான் வந்தது குரல். ஆட்கள் பனியில் மண்டியிட்டார்கள். கென்பெய் கைகூப்பினார். இவாஸோவுக்கு மட்டும் அந்தக் குரல் தெரியும். கோடரியைப் போட்டுவிட்டு மரத்தைச் சுற்றி ஓடினான். பின்னால் கினு முழங்கால் அளவு பனியில் வெறுங்காலோடு நின்றுகொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தாள். சுவரைத் தடவித் தடவி, பின்கட்டு வழியாக வந்திருக்கிறாள்.

"நீயா பேசினே?" என்றான்.

"அதுக்கு வாய் இல்லை. அதனால நான் சொல்றேன்" என்றாள் கினு. "காய வச்ச பழம் தோல் மாதிரி இழுக்கும்ங்க. நீங்க ஊட்டினது நாக்குல பட்டதும் கரைஞ்சது. உள்ளே உறைபனி நறநறன்னுச்சு. முதல் வாயிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் மிச்சத்தைத் தின்னேன். அவ்வளவு ருசியா இருந்தது. அதோட வாயைத் தின்னவ நான். இனி அது பேச வேண்டியதை நான்தான் பேசணும்."

இவாஸோ அங்கேயே பனியில் உட்கார்ந்து அழுதான். நான்தான் ஏறினேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். யாரும் அவனை ஏசவில்லை. கென்பெய்தான் முதலில் பேசினார். "எங்க முற்றத்துலயும் காத்து அடிக்கல" என்றார். குரங்கு என்று சொன்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோடரி பட்ட இடத்தில் கினு கையால் தடவிப் பார்த்து, சட்டியிலிருந்த கஞ்சியை எடுத்துப் பூசினாள். பிறகு அவர்கள் வந்த வழியே திரும்பி ஒவ்வொரு முற்றத்துக்கும் போனார்கள். முன்னால் ஒருவர் நின்று கேட்டார். பின்னால் அந்த வீட்டில் பழத்தைத் தின்றவர் நின்று காய்ப்பேன் என்றார். சில வீடுகளில் அது குழந்தையாக இருந்தது. ஒரு வீட்டில் தின்ற பிறகும் பிழைக்காமல் போன பெண்ணுக்குப் பதிலாக அவள் புருஷன் நின்றான்.

இலை வந்தால் பேசும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வசந்தம் வந்தது, இலையும் வந்தது. காற்றில் சலசலத்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒடிந்த காம்போடு பேச்சும் ஒடிந்துபோயிருந்தது.

ஆனால் மரங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. அந்த இலையுதிர் காலத்தில் கிளை தாழக் காய்த்தன. இவாஸோ கூடையோடு ஏறி, ஒன்றே ஒன்றை உச்சியில் விட்டுவிட்டு இறங்கினான். கினு கீழே நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு அவனைத் தவிர ஆள் இல்லை.

சிவப்பாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைப் பார்ப்பதற்காகவே பார்த்தான்.

"வானம் சாம்பலா இருக்கு" என்றான். "இலை ஒண்ணும் இல்லை. கிளையெல்லாம் ஆள் இல்லாத வீடு மாதிரி கிடக்கு. அது ஒண்ணு மட்டும் போகாம நிக்குது, மரத்துக்குக் காவலா."

"அதுக்கு என்ன பேரு?"

"கிமாமோரி."

அவர்கள் பேச்சில் மரக்காவல் என்று அர்த்தம். மரம் சொன்னதா என்று கேட்டாள் கினு. இல்லை, நான்தான் என்றான்.

"இதைச் சொல்லவா உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சு" என்றாள் அவள். முகத்தை உயர்த்தி உச்சிக் கிளையைத் தேடினாள். திசை கொஞ்சம் தப்பியிருந்தது. இவாஸோ கரி படிந்த விரல்களால் அவள் மோவாயைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பி வைத்தான்.

நடுப்பனிக்காலத்தில் சின்னான் வந்து அந்தப் பழத்தைக் கொத்தியது. ஒரு காலத்தில் பட்டினி கிடந்தும் தொடாத குருவி, இப்போது அது வெறும் பழம்தானே என்று தின்றது. இவாஸோ கல்லை எடுத்தான், பிறகு கீழே போட்டுவிட்டான்.

சில குளிர்காலங்கள் கழித்துக் கினு இறந்துபோனாள். அதற்குப் பிறகும் இவாஸோ தினமும் காலையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெளியே என்ன இருக்கிறது என்று உரக்கச் சொல்வான். கஸஹானா என்பான், கொகராஷி என்பான். வீட்டுக்குள் கேட்பதற்கு ஆள் இல்லை. முற்றத்தில் மரம் மட்டும் நின்றது. அது கேட்டதா என்று யாருக்குத் தெரியும்?

மரங்கள் வாய் மூடிய அந்த வருடம் முதல்தான் அந்த மலைகளில் காக்கி பறிக்கிறவர்கள், கூடை நிறையாவிட்டாலும் உச்சிப் பழம் ஒன்றைக் கிமாமோரியாக விட்டுவிட்டு இறங்குகிறார்கள். அன்று முதல்தான் புத்தாண்டின் முதல் முழுநிலவு நாளில் ஒருவர் கோடரியோடு முன்னால் நின்று கேட்க, இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறார். அவர் உடனே சொல்லிவிடுவதில்லை. ஒருவேளை மரமே சொல்லிவிடுமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சொல்கிறார்.